இடது கை முந்துகிறது

ஜூலை 4, திங்கள்

நேற்று ஆராதனை முடிந்து டிரம் குச்சிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது ஜெபக்கனி டீச்சர் தூணைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். பாடகர் குழுவை நடத்துபவர் அவர். அவர் தூணுக்குப் பின்னால் வந்தால் ஏதோ குறை என்று அர்த்தம்.

"சார், கோவப்படக் கூடாது."

"இல்லம்மா, சொல்லுங்க."

"ஒரு மாசமா கவனிக்கேன். டப்புன்னு ஒண்ணா விழ வேண்டிய அடி ட-டப்புன்னு ரெண்டா விழுது. என்ன, ரெண்டு கைக்கும் சண்டையா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மேசையில் இரண்டு கையாலும் தட்டிப் பார்த்தேன்.

இந்தச் சபையில் நாற்பத்தொரு ஆண்டுகளாக டிரம்ஸ் வாசிக்கிறேன். பாடகர் குழுவில் சேர ஆசைப்பட்டு, நான்கு பேர் முன்னால் நின்று பாடப் பயந்து, தூணுக்குப் பின்னால் யாரும் தொடாமல் கிடந்த டிரம்ஸில் போய் உட்கார்ந்தவன் நான். அந்த இடம் எனக்குப் பிடித்துவிட்டது. அங்கே என் சத்தம் மட்டும் வெளியே போகும். நான் போக வேண்டியதில்லை.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். டிசம்பர் பதினெட்டு கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்குப் புதுப் பாட்டு ஒன்று இருக்கிறது. வலது கை மூன்று அடி அடிக்கும் நேரத்தில் இடது கை சமமாக இரண்டு அடி அடிக்க வேண்டும். "அதுக்குள்ள ரெண்டையும் சமாதானம் பண்ணி வைங்க சார். இல்லன்னா கீபோர்டுல இருக்க ரிதத்தைப் போட்டு ஒப்பேத்திருவேன்."

எதையும் எழுதிவைத்தால்தான் எனக்குப் புரியும். கல்லூரியில் முப்பத்துநான்கு ஆண்டு இயற்பியல் செய்முறைக் கூடத்தில் நின்றவனின் பழக்கம். ஆகவே இந்த நோட்டு.

ஜூலை 6, புதன்

கருவிகள்: ரப்பர் பலகை ஒன்று, மரப் பலகை ஒன்று, கைபேசி. கைபேசியில் ஒலியை வரைகோடாகக் காட்டும் செயலி இருக்கிறது. வலது கையால் ரப்பரிலும் இடது கையால் மரத்திலும் ஒரே நேரத்தில் அடிக்கிறேன். ரப்பருக்குக் குட்டை முனை, மரத்துக்கு நெட்டை முனை. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்தால் எந்தக் கை எவ்வளவு முன்பின் என்று தெரிந்துவிடும்.

முதலில் மெட்ரோனோம் போட்டு, அந்த டிக் டிக் சத்தத்தோடு சேர்த்து இருபது முறை அடித்தேன். அந்தச் சத்தம் என்னைப் பதற்றப்படுத்துகிறது. தேர்வு அறையில் கண்காணிப்பாளர் முதுகுக்குப் பின்னால் நிற்பது போல இருக்கிறது. அணைத்துவிட்டேன். எனக்கு வேண்டியது இரு கைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம். வெளியிலிருந்து ஒரு கடிகாரம் எதற்கு?

ஐம்பது முறையின் சராசரி: இடது கை 26 மில்லி செகண்ட் முந்துகிறது.

எதிர்பார்த்ததுதான். என் இடது கை ஒருபோதும் ஒழுங்காகப் படித்ததில்லை. அவசரக் கை.

உள்ளே கட்டிலில் இருந்து மனைவி சுகிர்தம் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, வலது கை சுணங்குது."

சபைப் பாடகர் குழுவில் முப்பது ஆண்டு ஆல்டோ பாடியவள். யார் பாடினாலும் சுருதி குறைகிறது என்பாள். வலது கை, கரும்பலகையில் அளவுகோல் இல்லாமல் நேர்கோடு போட்ட கை. அதைச் சந்தேகிக்கத் தொடங்கினால் பிறகு எதை நம்புவது?

பதிவுக்கு 'கோப்பு 1' என்று பெயரிட்டு வைத்தேன்.

ஜூலை 10, ஞாயிறு

சென்னையிலிருந்து பிரிசில்லா பேசினாள். வாராவாரம் பேசுகிற மகள்தான். ஆனால் இன்று கேள்விகள் ஒழுங்காகத் தயாரித்தவை.

"அப்பா, அம்மாவுக்கு இன்சுலின் ஊசி நீங்கதான போடுதீங்க?"

"நான்தான். காலை ஏழு மணிக்குப் பதினெட்டு யூனிட். ராத்திரி ஏழு மணிக்குப் பன்னிரண்டு. ஒரு நாள் தவறினதில்ல."

"கை நடுங்குதா?"

"எனக்கு எதுக்கு நடுங்கணும்?"

"போன தடவை வந்தப்ப காபி கொண்டுவந்தீங்க, தட்டுல பாதி இருந்துச்சு. கேட்டா டம்ளர் சரியில்லன்னீங்க. அப்பா, நான் குத்திக் காட்டச் சொல்லல. அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. நீங்க தப்பாப் போட்டா அவங்களால பாத்து வேண்டாம்னு சொல்ல முடியாது."

சுகிர்தத்துக்குச் சர்க்கரையால் பார்வை போய் நான்கு ஆண்டு ஆகிறது. வெளிச்சம், நிழல், அவ்வளவுதான் தெரியும்.

பிரிசில்லா முடிவாகச் சொன்னது இது. கிறிஸ்துமஸுக்கு வருவாள். வந்து பார்ப்பாள். சரியில்லை என்று தோன்றினால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவாள். அவள் வீட்டில் மாமியார் படுக்கையில் இருக்கிறார். அதே அறையில் இன்னொரு கட்டில் போடலாம். பெண்கள் அறை.

"உங்களை எங்கப்பா வைக்கது? ஹால்ல அவரும் பையனும் படுக்காங்க."

அவள் கொடுமையாகச் சொல்லவில்லை. வீட்டின் அளவு அப்படி. நாற்பத்தாறு ஆண்டில் நானும் சுகிர்தமும் பிரிந்திருந்தது பிரசவத்துக்காக ஒரு முறை, எழுபத்தைந்து நாள்.

டிசம்பர் பதினெட்டில் அந்த மூன்றுக்கு இரண்டு அடியைச் சபை முன்னால் சரியாக வாசித்துக் காட்டினால் என் கைகளைப் பற்றி யாரும் பேச முடியாது.

ஜூலை 12, செவ்வாய்

திட்டம் போட்டேன். இரண்டு கை, இரண்டு கால். தனித்தனியாகவும் சேர்த்தும் மொத்தம் பதினைந்து விதம் வரும். நாளுக்கு மூன்று விதம், விதத்துக்குப் பத்து நிமிடம். இது தவிர இடது கைக்கு ஒழுக்கம் கற்பிக்க அன்றாட வேலைகளையும் அதற்குக் கொடுத்திருக்கிறேன்: பல் துலக்குதல், பூட்டு திறத்தல், சட்டைப் பொத்தான், காபி ஆற்றுதல்.

முக்கியமான பயிற்சி: இரண்டு கையையும் ஒன்றாகத் தூக்குவது. வலது கை பலகையைத் தொடும் வரை இடது கை காத்திருக்க வேண்டும். 'பொறு, பொறு' என்று வாய்விட்டே சொல்கிறேன்.

சுகிர்தம் சிரிக்கிறாள். "என்னையக் கட்டின புதுசுல உங்கம்மா என்னையச் சொன்ன மாதிரியே இருக்கு."

ஜூலை 29, வெள்ளி

இடது முந்துவது: 19. குறைகிறது.

பொத்தான் போட இப்போது இடது கையே வசதியாக இருக்கிறது. பயிற்சி பலன் தருகிறது.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

8 மில்லி செகண்ட். காது பிரித்தறிய முடியாத அளவு.

ஆராதனைக்குப் பின் டீச்சர் தூணைச் சுற்றி வந்தார். "சண்டை தீர்ந்துட்டு போலயே சார்! ஒரே அடி. என்ன செஞ்சிய?"

"அளந்தேன்" என்றேன். குச்சிகளைப் பையில் வைத்துக் கிளம்பினேன். ஆனால் வீடு வரும் வழியெல்லாம் மனதுக்குள் விளக்கிக்கொண்டே வந்தேன், வரைகோடு, முனை, சராசரி எல்லாம். சுகிர்தம் என் முழங்கையைப் பிடித்தபடி வந்தாள்.

"செருப்பைத் தேச்சுக்கிட்டே நடக்கிய."

"வார் தளர்ந்து போச்சு."

"ஒத்தக் கால்ல மட்டுமா?"

நாளை செருப்பு தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

செருப்பு தைத்தாயிற்று. தேய்கிற சத்தம் இன்னும் இருக்கிறது. வார் புதிது, பழக வேண்டும்.

செப்டம்பர் 5, திங்கள்

இன்றிலிருந்து ஊசியையும் இடது கைக்கு மாற்றினேன். பயிற்சியின் ஒரு பகுதிதான். வலது கை அவளுடைய வயிற்றுத் தோலை மடித்துப் பிடிக்கும். இடது கை குத்தி, கட்டைவிரலால் தண்டை அமுக்கும்.

"இன்னைக்கு யாரு போடுதா?" என்றாள் சுகிர்தம்.

"நான்தான்."

"அது தெரியுது. எந்தக் கை?"

சொன்னேன். என் இடது விரல்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அதுவாவது நடுங்காம இருக்கு" என்றாள். எதற்கு அப்படிச் சொன்னாள் என்று கேட்டிருக்கலாம். பால் பொங்கும் நேரம், எழுந்து போய்விட்டேன்.

செப்டம்பர் 18, ஞாயிறு

டீச்சர்: "சார், அடி ஒண்ணா விழுது, சரி. ஆனா பாட்டு இழுக்குதே. நாலாவது சரணத்துக்கு வரும்போது எல்லாரும் தூங்கிருவாங்க போல."

பாடுகிறவர்கள் இழுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வயதான குழு. சொல்லத் துணிவில்லை.

அளவு எடுத்தேன். இடது மறுபடியும் முந்துகிறது: 21. பயிற்சியைத் தளர்த்தியது என் தவறு. அவசரம் அதன் பிறவிக் குணம்.

செப்டம்பர் 19, திங்கள்

'பொறு' பயிற்சி இரட்டிப்பாக்கினேன்.

அக்டோபர் 3, திங்கள்

மளிகைச் சீட்டைக் கடைக்காரர் திருப்பித் தந்தார். "என்ன சார், எறும்பு ஊருன மாதிரி இருக்கு. கண்ணாடி போட்டும் தெரியலியே."

இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். ஜூலையில் ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு வரி. இப்போது முப்பத்தொன்று. நோட்டு அதிக நாள் வரும். சிக்கனம் நல்லதுதான்.

காலையில் பால் அடிப்பிடித்துக் கருகியது. நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அறையிலிருந்து சுகிர்தம் கத்தித்தான் தெரிந்தது. எனக்கு வாடை வரவில்லை, சளி போல. எப்போதிருந்து என்று யோசித்தேன். நினைவில்லை.

அக்டோபர் 16, ஞாயிறு

மூன்றுக்கு இரண்டு ஒத்திகை தொடங்கியது.

விளக்கிவிடுகிறேன். இரு கையும் ஒன்றாகத் தொடங்கும். வலது கை ஒரே சீராக மூன்று அடிக்கும். அதன் இரண்டாவது அடிக்கும் மூன்றாவது அடிக்கும் நடுவில், எந்தத் துணையும் இல்லாத வெற்றிடத்தில், இடது கை தன் இரண்டாவது அடியைத் தானே போட வேண்டும். வலது கை என்ன செய்கிறது என்று அது பார்க்கக் கூடாது. கைகளின் சுதந்திரம் என்பது அதுதான்.

என் இடது கை பார்க்கிறது. வலது கையின் மூன்றாவது அடி வரும் வரை நின்று, அதோடு சேர்ந்து விழுகிறது.

டீச்சர் நான்கு முறை நிறுத்தினார். "சார், புதுசா கல்யாணம் ஆன சோடி மாதிரி ஒண்ண விட்டு ஒண்ணு போகமாட்டேங்குதே! கொஞ்சம் தனியா விடுங்க அதுகள."

ஆண்கள் வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். தூண் போதுமான அகலம் இல்லை.

அக்டோபர் 30, ஞாயிறு

முடியவில்லை. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்.

நவம்பர் 9, புதன்

இடது முந்துவது, 'பொறு' பயிற்சிக்குப் பிறகும்: 34. காரணம் புரியவில்லை. எவ்வளவு பொறுக்கச் சொன்னாலும் மறுநாள் இன்னும் பொறுக்க வேண்டியிருக்கிறது.

நவம்பர் 15, செவ்வாய்

இன்று பயிற்சி இல்லை.

நவம்பர் 16, புதன்

நேற்று நடந்தது, வரிசையாக:

காலை 7.00. ஊசி. இடது கைக் கட்டைவிரல் தண்டைப் பாதி அமுக்கியதும் நின்றுவிட்டது. வலி இல்லை, நடுக்கம் இல்லை. காத்திருப்பது போல நின்றது. மருந்து எவ்வளவு இறங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. ஊசியை உருவும்போது தண்டு அழுந்திவிட்டது, மீதி மருந்து தோலுக்குள் போனதா வெளியே சிந்தியதா என்பதும் தெரியவில்லை. வெளியேதான் என்று முடிவு செய்தேன். மறுபடியும் பதினெட்டு எடுத்துப் போட்டேன். அவள் "ரெண்டு குத்தா?" என்றாள். "முதல் ஊசி சரியில்லை" என்றேன்.

காலை 9.40. அவள் பேச்சு குழறியது. நைட்டி முழுக்க வியர்வை.

9.45. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தது: 43.

9.46. குளுக்கோஸ் பொடி கரைத்தேன். டம்ளரை வலது கையில் எடுத்தேன், பாதி அவள் கழுத்தில் சிந்திவிட்டது. இடது கைக்கு மாற்றினேன். குடித்தாள். ஸ்பூனால் பொடியையும் கன்னத்துக்குள் வைத்தேன்.

10.20. அளவு 91.

10.25. "யாருங்க அழுதது?" என்று கேட்டாள்.

மருத்துவமனைக்குப் போக ஆட்டோ கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் பிரிசில்லாவுக்குத் தெரிந்திருக்கும். இந்த வாக்கியத்தை எழுதி முடித்து நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

நவம்பர் 17, வியாழன்

ஊசியை வலது கைக்கே மாற்றினேன். மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் முடிகிறது. மருந்து ஏற்ற மட்டும் பதினோரு நிமிடம் ஆனது. மூன்று முறை எண்ணிச் சரிபார்த்தேன்.

பிரிசில்லாவிடம் சுகிர்தமே பேசினாள். "நல்லா இருக்கேம்மா. அப்பாதான் கொட்டு கொட்டுன்னு கொட்டி என் உயிர எடுக்காங்க." போனை வைத்ததும் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். நான் இருந்தது எதிர்ப்பக்கம். ஆனாலும் என்னைப் பார்ப்பது போலவே இருந்தது.

"டாக்டர் கிட்ட ஒரு எட்டு போயிட்டு வாங்க."

"பதினெட்டாம் தேதி முடியட்டும்."

"எனக்காக இல்ல. உங்களுக்காக."

"முடியட்டும் சுகிர்தம்."

டிசம்பர் 18, ஞாயிறு

கீத ஆராதனை.

டிசம்பர் 19, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. எழுதுகிறேன்.

புதுப் பாட்டு ஏழாவது. டீச்சர் கையை உயர்த்தினார். தொடங்கினேன். முதல் சுற்றில் இடது கை காத்திருந்தது. இரண்டாவது சுற்றிலும் காத்திருந்தது. வலது கை தன் மூன்றை முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் பாடகர்கள் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்கள். பிறகு என் சத்தம் கேட்டு அவர்களும் நிதானித்தார்கள். முன்னால் இருந்தவர்கள் வேகமாகவும் பின்னால் இருந்தவர்கள் மெதுவாகவும் பாடினார்கள். டீச்சர் விரலைச் சொடுக்கினார். நான் வேகப்படுத்த முயன்றேன். வலது பாதத்துக்கு நான் அனுப்பிய செய்தி போய்ச் சேரவில்லை.

டீச்சர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. உள்ளங்கையைத் தாழ்த்தி, மெல்ல, 'போதும் சார்' என்பது போலக் காட்டினார்.

நிறுத்தினேன். பாட்டு நிமிர்ந்துகொண்டது. டிரம்ஸ் இல்லாமல் மிக நன்றாக இருந்தது.

இன்னும் ஆறு பாட்டு இருந்தன. குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போனால் எல்லோரும் பார்ப்பார்கள். முடிந்ததும் கேக் கொடுத்தார்கள். சபைப் போதகர் ஐயர் என் தோளைத் தட்டி, "ரொம்ப ஆசீர்வாதமா இருந்துது" என்றார். டீச்சர் சுகிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, "சார், பாட்டு செலக்ஷன் என் தப்பு" என்றார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வீடு திரும்பும்போது சுகிர்தம் தபால் ஆபீஸ் தாண்டியதும் சொன்னாள்.

"சூலையிலயே சொன்னேம்லா. வலதுதான் சுணங்குதுன்னு. நீங்க அந்தப் பச்சப்பிள்ளையப் போட்டு அடிச்சிய."

இன்று காலை ஊசி போட்டு முடித்ததும் கோப்பு 1-ஐ எடுத்தேன். ஜூலை 6. முதல் இருபது அடிகளில் மெட்ரோனோம் சத்தமும் பதிவாகியிருக்கிறது. நான் அணைப்பதற்கு முன்னால் அடித்தவை. டிக் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய முனை ஒன்று இருக்கிறது. இதுவரை அதை நான் பார்க்கவே இல்லை. இப்போது அளந்தேன்.

இடது கைக்கும் மெட்ரோனோமுக்கும் வித்தியாசம்: 2 மில்லி செகண்ட்.

வலது கை மெட்ரோனோமுக்குப் பிந்துவது: 27 மில்லி செகண்ட்.

இடது கை முந்தவே இல்லை. அது சரியான நேரத்தில் இருந்தது. இன்று மெட்ரோனோம் போட்டு மறுபடியும் அடித்தேன். வலது பிந்துவது 118. இடது பிந்துவது 80.

முப்பத்துநான்கு ஆண்டு, ஒவ்வொரு ஜூனிலும், செய்முறைக் கூடத்தின் முதல் நாளில் நான் மாணவர்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: எதையும் அளக்கும் முன் அளக்கும் கருவியில் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் எழுதிய அளவுகளை, எவ்வளவு அழகாக அட்டவணை போட்டிருந்தாலும், குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கிறேன். ஒரு பையன் அழுதிருக்கிறான்.

என்னிடம் ஒரு நல்ல கை இருந்தது. ஐந்து மாதம் உழைத்து அதற்குத் தாமதிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். நவம்பர் பதினைந்தாம் தேதி அந்தக் கட்டைவிரல் பாதியில் நின்றது. நான் சொல்லிக்கொடுத்தபடிதான் நின்றது.

டிசம்பர் 20, செவ்வாய்

காலை பத்து மணிக்குப் பிரிசில்லாவைக் கூப்பிட்டேன். நானாக அவளைக் கூப்பிட்டது எப்போது என்று நினைவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைத்திருந்தேன். என் எழுத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை.

நவம்பர் பதினைந்தைச் சொன்னேன். 43 என்று சொன்னேன். ஆட்டோ கூப்பிடாததையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். "அப்பா" என்றாள். பிறகு, "சாப்டீங்களா?" என்றாள்.

சுகிர்தம் கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள். "நான் சொல்லியிருக்க மாட்டேன்."

"தெரியும்."

"எண்ணிப் போட்டா ஆச்சு. பதினோரு நிமிசம் ஆனா எனக்கென்ன, எனக்கு வேற என்ன சோலி?"

"அளவு தெரிஞ்ச பிறகு மாத்தி எழுத முடியாது சுகிர்தம்."

"வாத்தியார் புத்தி" என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மதியம் வரை அப்படியே இருந்தாள்.

டிசம்பர் 22, வியாழன்

நரம்பு மருத்துவர். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். நடக்கச் சொன்னார். நடக்கும்போது என் வலது கை வீசவில்லை என்றார். அது எனக்கு இன்றுதான் தெரியும். எழுதச் சொன்னார். வாசனை தெரிகிறதா என்று கேட்டார்.

பார்க்கின்சன் என்றார். மாத்திரை இருக்கிறது, பலன் தரும், ஆனால் கூடிக்கொண்டே போகும் நோய் என்றார்.

"எப்ப ஆரம்பிச்சதுன்னு நினைக்கிறீங்க?"

இந்த நோட்டைக் கொடுத்தேன். அவர் ஏழெட்டுப் பக்கம் புரட்டினார். "இவ்வளவு துல்லியமா யாரும் கொண்டுவந்தது இல்ல சார்" என்று பாராட்டினார். கூடவே, "ஆனா ஆறு மாசம் முன்னாலயே வந்திருக்கலாமே?" என்றார்.

மாத்திரை நாளைக்கு மூன்று வேளை.

டிசம்பர் 25, ஞாயிறு

பிரிசில்லா வந்திருக்கிறாள். கோழிக்குழம்பு வைத்தாள். வாசனை நன்றாக இருப்பதாகச் சுகிர்தம் சொன்னாள்.

டிசம்பர் 27, செவ்வாய்

பெட்டி கட்டினார்கள். சேலைகளை எந்த வரிசையில் வைத்தால் அம்மா தடவி எடுக்க முடியும் என்று பிரிசில்லாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பருத்தி இடப்பக்கம், ஞாயிற்றுக்கிழமைச் சேலை வலப்பக்கம். ஊசிக்கும் ஒரு தாள் எழுதினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "நீங்க சொல்லுங்கப்பா, நான் எழுதிக்கிறேன்" என்றாள்.

ஆறு மாதம் பார்க்கலாம், மாத்திரையில் நான் தேறினால் அம்மாவைக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்கிறாள். நல்ல பெண். எனக்கு மதியச் சாப்பாட்டுக்கு ஜெபக்கனி டீச்சர் ஆள் ஏற்பாடு செய்திருக்கிறார்.

டிசம்பர் 28, புதன்

ரயில் சாயங்காலம். சுகிர்தத்தை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். நடைமேடையில் இறங்கி ஜன்னல் கம்பி வழியாகக் கையைக் கொடுத்தேன். தடவிப் பார்த்து, "இது வலதுல்லா. மத்ததைத் தாங்க" என்றாள்.

இடது கையைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ரயில் அசையும் வரை விடவில்லை.

"இதை இனி வையாதிய" என்றாள்.

டிசம்பர் 29, வியாழன்

ஆறரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன், அடுப்பை விட்டு நகரவில்லை. மாத்திரை போட்டேன். செய்தித்தாள் வந்தது.

கைபேசியில் ஒரு சிறு சத்தம் கேட்டது. ஏழு மணி, ஊசிக்கு நான் வைத்திருந்த மணி, எடுக்க மறந்துவிட்டேன். அதை அணைக்கலாம் என்று வலது கையை நீட்டினேன். அது போய்ச் சேரும் முன்பே நான் எழுந்து குளிர்சாதனப் பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். இடது கை கதவைத் திறந்து, மருந்து இருந்த தட்டில் விரல்களை வைத்திருந்தது. தட்டு காலியாக இருந்தது.

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. சரியாக ஏழு. கை பிந்தவில்லை.